குறுக்குக் கம்பியும் ஒன்றரை யூனிட் மணலும்

எங்கள் வழியில் லாரி நுழையாமல் குறுக்கே ஒரு கம்பி நாட்டச் சொல்லி எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. போட்டது மட்டுமில்லை, முதல் கையெழுத்தே என்னுடையதுதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் புலம்பப் போவது அந்தக் கம்பியைப் பற்றி.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, களியக்காவிளைக்கும் படந்தாலுமூட்டுக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஊடுவழியில் இருக்கிறது. வழியின் அகலம் பன்னிரண்டு அடி. இந்தப் பக்கத்தில் ஒரு சென்ட் விளை, அதாவது தோட்டநிலம், இருந்தாலும் சுற்றி மதில் கட்டாமல் யாருக்கும் தூக்கம் வராது. அதனால் இரண்டு பக்கமும் மதில்தான், ஒதுங்கி நிற்க ஓரம் என்று எதுவும் கிடையாது. கல்லும் மணலும் ஏற்றுகிற பெரிய டாரஸ் லாரியின் அகலம் எட்டரை அடி. மிச்சம் மூன்றரை அடி. 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஆனால் இந்தக் கழித்தலின் விடை முழுதாகப் புரிந்தது ஸ்கூட்டரோடு மதிலில் பல்லி மாதிரி ஒட்டி நின்ற ஒரு நாளில்தான். லாரியின் பின்டயர் என் முழங்கையை உரசாமல் போனதற்கு மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். எங்கள் மதிலில் என் தாடை உயரத்துக்கு ஒரு கீறல் இன்னும் இருக்கிறது. ஏதோ ஒரு லாரியின் பக்கப்பலகை போட்ட கோடு அது. ஸ்கேல் வைத்து வரைந்தாலும் அவ்வளவு நேராக வராது.

லாரிக்காரர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஜல்லியான மெட்டலும், பாறையை அரைத்து எடுக்கிற மணலான எம்-சாண்டும், பாறைக்கல்லும் இங்கிருந்துதான் கேரளத்துக்குப் போகின்றன. விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கடலில் கொட்டிய கல்லில் எங்கள் மாவட்டத்து மலையும் உண்டு. நெடுஞ்சாலையில் எல்லை வரைக்கும் வண்டி அடைத்து நின்றால், ஓட்டுநர் எந்தச் சந்து திறந்திருக்கிறது என்றுதானே பார்ப்பார்? எங்கள் சந்து திறந்திருந்தது. அதிகாலை நாலு மணிக்கே ஆரம்பித்துவிடும். அடுக்களையில் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடுவதை வைத்தே லோடு வண்டியா காலி வண்டியா என்று என் மாமியார் சொல்லிவிடுவார்.

அப்படித்தான் கம்பி வந்தது. வழியின் இரண்டு முனையிலும் கான்கிரீட்டில் நட்ட இரும்புத் தூண்கள், மேலே மஞ்சளும் கறுப்பும் அடித்த குறுக்குக் கம்பி, எட்டடி உயரத்தில். கார் போகும், ஆட்டோ போகும், குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி போகும். டாரஸ் போகாது. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் பூட்டு. தீயணைப்பு வண்டி வந்தால் திறந்துவிட வேண்டுமாம். சாவி யார் கையில் இருப்பது என்பதில் மட்டும் ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் நாள் முழுக்க ஆள் இருக்கிற இடம் என்று முக்கிலுள்ள சாயாக்கடையில் ஆணியில் தொங்கவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கம்பியால் அதிகம் நஷ்டப்பட்டவர் அந்தச் சாயாக்கடை அண்ணன்தான். முக்கில் லாரியை மெதுவாக்கி ஒரு கட்டன் சாயாவும் ஏத்தங்காய் பஜ்ஜியும் வாங்கிப் போகிற கூட்டம் மொத்தமாகக் காணாமல் போனது. “காலைல மட்டும் முப்பது சாயா போச்சு டீச்சரே” என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. அவளுக்குக் கம்பி தெய்வம். ரப்பர் ஷீட் எடுக்கிறவருக்கு அது சனியன், ஷீட்டை முக்கு வரை ஆட்டோவில் சுமக்கிறார். கோவில் திருவிழாவுக்கு யானை வந்தபோது பாகன் கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். குட்டியானை போகிற வழியில் யானை போக முடியவில்லை. சாவி வந்துதான் ஊர்வலம் நகர்ந்தது.

பக்கத்து வழியில் இருக்கிற என் நாத்தனார் போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “ஏன் மைனி, உங்க ரோட்டுல கம்பி நாட்டிட்டு எங்க முற்றத்துல லாரிய விட்டியளே, இது கொள்ளாமா?” அவள் வழி எங்களுடையதைவிட ஓர் அடி குறைவு. நான் பதில் சொல்லவில்லை. “நீங்களும் ஒரு மனு எழுதுங்க” என்று வாய் வரை வந்தது. அப்புறம் அதற்கு அடுத்த வழி, அதற்கடுத்த வழி என்று யோசித்துப் பேச்சை மாற்றினேன்.

என் தங்கை மகள் லண்டனில் நர்ஸ். இதைச் சொன்னதும் சிரித்தாள். அங்கே வால்தம்ஸ்டோ என்கிற பகுதியில் 2015இல் குறுக்கு வழியாக ஓடும் கார்களைத் தடுத்து மாற்றியமைத்த ஒரு தெருவைத் திறந்துவைத்தபோது, எதிர்த்தவர்கள் சவப்பெட்டி தூக்கிக்கொண்டு வந்தார்களாம். கொரோனா வருடமான 2020இல் பூந்தொட்டியும் கேமராவும் வைத்து இன்னும் பல தெருக்களை மூடினார்கள். பெரிய ரோட்டு ஓரத்தில் வீடு உள்ளவர்கள் “எல்லா வண்டியும் இப்போது எங்கள் தலையில்” என்று சண்டை போடுகிறார்களாம். நாத்தனார் கேட்ட அதே கேள்வி, இங்கிலீஷில்.

எங்கள் ஊரில் சவப்பெட்டி வரைக்கும் போகவில்லை. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் மட்டும் சாயாக்கடையில் சட்டம் பேசினார். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 115ஆம் பிரிவு, வண்டிகளுக்குப் போடும் தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதென்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்றார். “நம்ம கம்பிக்கு கெசட் உண்டா?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

சரி, மணலுக்கு வருகிறேன். மாடியில் ஓர் அறை எடுக்கிறோம். கொத்தனார் ஒன்றரை யூனிட் எம்-சாண்ட் கேட்டார். ஒரு யூனிட் என்பது நூறு கனஅடி, எடை கிட்டத்தட்ட ஐந்து டன். ஒன்றரை யூனிட்டுக்கு ஏழு டன்னுக்கு மேல். டிப்பர் என்றால் ஒரே நடையில் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போயிருக்கும். குட்டியானை முக்கால் டன்தான் சுமக்கும். பத்து நடை, நடைக்கு நானூறு ரூபாய், ஏற்றி இறக்கும் கூலி தனி. நான் பாடம் நடத்திய நாளில் இப்படி ஒரு கணக்கைப் பரீட்சையில் கொடுத்திருந்தால் பிள்ளைகள் திட்டியிருப்பார்கள்.

லாரி ராத்திரி எட்டரைக்கு வந்தது. “அந்தச் சாவிய வாங்கித் தாங்கம்மா, ரெண்டு நிமிஷ வேலை” என்றார் ஓட்டுநர். மறைக்காமல் சொல்கிறேன், போனேன். சாயாக்கடைக்குள் கை நீட்டினால் சாவி எட்டும். பற்றுக் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில், சிவப்பு நூல் கட்டித் தொங்கியது. அண்ணன் டம்ளரைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்: “தீ பிடிச்சிருக்கா டீச்சரே?”

ஒரு சாயா வாங்கிக் குடித்துவிட்டு வந்து, மணலை முக்கிலேயே கொட்டச் சொன்னேன்.

ஏழு நடை முடிந்தது. எட்டாவது நடைக்கு முன் மழை பிடித்துவிட்டது, குட்டியானைக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மிச்ச மணலில் யார் வீட்டுக் கோழிகளோ குழி பறித்துப் படுத்திருக்கின்றன. நேற்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலருகே வந்தாள்.

“பெரியம்மா, முக்குல கெடக்க மணல எப்ப அள்ளுவிய? இவங்க அப்பா பைக் ரெண்டு தடவ வழுக்கிட்டு.”