ரோடு பைக் டயர்: எதைப் பார்த்து வாங்குவது?
ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) டயர் எவ்வளவு உழைக்கும் என்பது நடுப்பகுதி ரப்பரின் தடிமனையும் அதனடியில் உள்ள பஞ்சர் தடுப்புப் பட்டையையும் பொறுத்தது. பந்தய டயர்களில் இரண்டுமே மெல்லியவை. நன்றாக உருளும், சீக்கிரம் தேயும். தினசரி ஓட்டத்துக்குப் பயிற்சி ரகமே போதும். விளிம்புக்குள் இரும்புக் கம்பி உள்ள டயர், மடித்து வைக்கக்கூடிய டயரைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் மலிவு.

ஃபிரேமில் இடமிருந்தால் 28 மி.மீ. அகல டயர் எடுங்கள் (பக்கவாட்டில் 28-622 என்றிருக்கும்; 622 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மி.மீ. கணக்கில்). காற்று குறைந்தால் குழியில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரட்டை ஓட்டை விழும்.

பின் டயர்தான் முதலில் தேய்ந்து தட்டையாகும். அப்போது முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம். நூலிழை வெளியே தெரிகிறதா? யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.