ஐந்தரை மணி வாசல்

மூன்றரைக்கு நீள மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். மீதிப் பேர் எங்களிடம் வருவார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் மாலை வகுப்புகளை ஒருங்கிணைப்பது என் வேலை. வீட்டுப்பாடம், வாசிப்பு, சதுரங்கம், நாடகம், கைவேலை என்று ஆறு மணி வரை ஓடும். அதே கட்டடத்தில், அலுவலகத்தை ஒட்டிய அறையில் குடும்ப உதவிப் பிரிவு இருந்தது. கண், பல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது, உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தருவது, வீட்டில் சிக்கல் என்றால் ஆலோசகரைப் பார்க்க வைப்பது எல்லாம் அங்கேதான். நான்கு மணிக்கு அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிப் போக ஐந்தரைக்கு மேல்தான் வருவார்கள். உதவி தேவைப்படுகிறவர்கள் வந்து சேரும் நேரத்தில் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கும். இது ஒரு குறை என்றே தோன்றாமல் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன்.

கண்ணைத் திறந்துவிட்டது நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி. நாடகக் குழுவில் பேர் கொடுத்திருந்தாள். ஒத்திகையின்போது பையைக் கழற்றவே மாட்டாள். இரண்டு தோளிலும் பட்டை இறுகியிருக்க, சுவர்க் கடிகாரம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில்தான் நிற்பாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கிளம்பிவிடுவாள். சில நாள் வரவே மாட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேராக ‘ஆர்வம் குறைவு’ என்று எழுதினேன். பருவ இறுதி நிகழ்ச்சிக்கு ஆள் தேர்ந்தபோது அவளைச் சேர்க்கவில்லை.

மறுநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். “மிஸ், எனக்கு எல்லார் வசனமும் தெரியும்” என்றாள். சொல்லியும் காட்டினாள். ராஜா, மந்திரி, காவல்காரன், கடைசியில் வரும் பறவை வரைக்கும், ஒவ்வொன்றுக்கும் குரலை மாற்றி.

“அப்புறம் ஏம்மா பாதியிலேயே போயிடறே?”

“தம்பியக் கூட்டிட்டு வரணும் மிஸ். நாலு மணிக்கு மேல அவன அங்க வச்சுக்க மாட்டாங்க. அம்மா வர ஆறு மணி ஆயிடும்.”

தம்பிக்கு நாலு வயது. அடுத்த தெருவில் மழலையர் பள்ளி. ஒன்பது வயதுப் பெண் அவனைக் கூட்டிப் போய், வீட்டைத் திறந்து, அம்மா வரும்வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பதிவேட்டில் நான் எழுதிய அந்த இரண்டு சொற்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

எங்கள் விதிப்படி ஒன்றாம் வகுப்புக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது. தலைமையாசிரியர் தயங்கியதிலும் நியாயம் இருந்தது. சின்னக் குழந்தைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாரத்தில் நான்கு நாள் வர ஒத்துக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். நூலக மூலையில் ஒரு பாய் விரித்தோம். ஒரே மாதத்தில் அந்தப் பாயில் ஏழு தம்பி தங்கைகள். அதுவரை ‘வராதவர்கள்’ பட்டியலில் இருந்த அக்காக்கள், அண்ணன்கள் முக்கால்வாசிப் பேர் வர ஆரம்பித்தார்கள். தம்பி வந்த முதல் நாள் அந்தப் பெண் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, பழக்கத்தில் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சியில் ஜேம்ஸ் கோமரின் பணியைப் பற்றி அறிந்தேன். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர். 1968-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கியவர். ஆசிரியர், பெற்றோர், மனநலம் அறிந்தவர்கள் எல்லாரையும் பள்ளி நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார். அவர்கள் கூடிப் பேசுவதற்கு அவர் வைத்த விதிகளில் முதன்மையானது, யார்மீதும் குற்றம் சுமத்தாமல் சிக்கலைத் தீர்ப்பது. பயிற்சியில் மற்றவர்கள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார்கள். எனக்கு என் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. ‘ஆர்வம் குறைவு’ என்பது குற்றச்சாட்டு அல்லாமல் வேறென்ன?

அதற்குப் பிறகு பதிவேட்டின் அந்தக் கட்டத்தில், காரணம் தெரியாவிட்டால் ‘கேட்க வேண்டும்’ என்றுதான் எழுதுகிறேன். பகல் நேரத்து வருகையையும் அப்படியே பார்க்கத் தொடங்கினேன். பள்ளி நாள்களில் பத்து சதவீதம் வராமல் போனாலே கவலைப்பட வேண்டிய நிலை என்று பல இடங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். 180 நாள் பள்ளி என்றால் 18 நாள், மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டே நாள். மாதம் இரண்டு நாள் என்றால் யார் கண்ணிலும் படாது. வருடக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போதுதான் பகீரென்று இருக்கும்.

குடும்ப உதவி அலுவலரிடம் பேசி, வாரத்தில் மூன்று நாள் அவர் பகல் ஒரு மணிக்கு வந்து ஏழு மணிவரை இருப்பதென்று மாற்றினோம். அறையில் உட்கார வேண்டாம், பிள்ளைகளை ஒப்படைக்கும் வாசலிலேயே, கையெழுத்து நோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போடலாம் என்றேன். ‘உதவி’ என்று பலகை எதுவும் வைக்கவில்லை. பலகை வைத்தால் மற்றவர் பார்வைக்குப் பயந்தே பலர் ஒதுங்கிவிடுவார்கள். பேச்சு வளர்ந்து வீட்டு விஷயத்துக்குப் போனால் எழுந்து உள்ளே அறைக்குக் கூட்டிப்போவார்.

அந்த வாசலில் ஒரு நாள். ஒரு அம்மா நோட்டின் மேல் குனிந்து, மகளிடம் மெல்லக் கேட்டார்: “எந்த வரில போடணும், காட்டு.” மகள் விரலை வைத்தாள். அந்த விரல் நுனிக்கு நேராக, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். அந்தக் குடும்பத்துக்குக் கண் பரிசோதனை பற்றி நான்கு முறை தாள் அனுப்பியிருந்தோம். நான்கும் நிரப்பப்படாமலே திரும்பியிருந்தன. அக்கறை இல்லாத வீடு என்று ஆசிரியர் அறையில் பேச்சு. நானும் மறுத்துப் பேசவில்லை.

இப்போது வீட்டுக்கு எந்தத் தாள் போனாலும், அன்று மாலை வாசலில் நின்று எல்லாப் பெற்றோருக்கும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும்.

மாலை வகுப்புக்கு நிதி கேட்கப் போகும்போதெல்லாம் “இதனால் கணக்கில் எத்தனை மதிப்பெண் கூடியது?” என்பார்கள். கேட்கட்டும். ஆனால் நாடகமும் கைவேலையும் பொழுதுபோக்கு, முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நாடகம் இல்லாவிட்டால் அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கவே மாட்டாள். தம்பியைப் பற்றி எந்த விண்ணப்பப் படிவமும் கேட்டதில்லை.

இன்னும் ஒருவரை மட்டும் வாசலுக்குள் வரவழைக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்புப் பையனின் அப்பா. கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார், மகன் ஓடி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். ஏன் என்று இன்னும் தெரியாது. போன வாரத்திலிருந்து கையெழுத்து நோட்டை நானே கேட் வரைக்கும் எடுத்துக்கொண்டு போகிறேன். நேற்று, “இவன் இன்னைக்கு என்ன செஞ்சான் மிஸ்?” என்று கேட்டார்.