போர்டு போச்சு என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கும்பகோணத்தில் என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், கூடவே டிடிபி வேலையும் உண்டு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், பில் புக் எல்லாம் அங்கேதான் டைப் ஆகும். கடையில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டுமே பழசு. நான் திருச்சியில் கணக்கு வேலை பார்க்கிறவள். ஆனால் பத்து வருடத்துக்கு மேலாக அந்த இரண்டையும், வீட்டில் இருக்கிற என்னுடையதையும் சேர்த்து, நான்தான் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

போன ஆடி மாதம் சித்தப்பா போன் செய்தார். "போர்டு போச்சுன்னு சொல்றாங்கம்மா, நாலாயிரத்து ஐநூறு ஆகுமாம், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்னு சொல்றாங்க" என்றார். போர்டு என்றால் மதர்போர்டு, எல்லாப் பாகமும் வந்து சேருகிற பலகை. என்ன செய்கிறது என்று கேட்டேன். காலையில் ஆன் செய்தால் எஃப் 1 அழுத்தச் சொல்லி நிற்கிறது, தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டுகிறது, அப்புறம் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று சிவப்பாக எழுதி வருகிறது. அவ்வளவுதான். கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது தீர்ந்தால் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். வெப்சைட்டுகளுக்குக் கொடுக்கிற பாதுகாப்புச் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும், கம்ப்யூட்டர் தான் 2011இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால்தான் எல்லாத் தளமும் கதவைச் சாத்திக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 2.3 வோல்ட். முப்பது ரூபாய் பேட்டரி, ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றும் கவனித்தேன். சித்தப்பா தினமும் இரவு கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். பிளக்கில் கரண்ட் இருந்தால் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) சின்ன அளவில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், கடிகாரம் அதில் ஓடிவிடும். மெயினை அணைத்தால் ராத்திரி முழுக்க பேட்டரிதான் செலவாகும். தீ பயத்தில் அணைக்கிறார், அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பேட்டரியை மாற்றிவிட்டால் போகிறது.

நான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், "போர்டு போச்சு" என்ற வார்த்தையை இந்தப் பத்து வருடத்தில் ஏழெட்டு தடவை கேட்டிருக்கிறேன். உண்மையாகவே போர்டு போனது ஒரே தடவை. மற்ற எல்லாமே பேட்டரி, தூசி, ரேம், எஸ்எம்பிஎஸ் என்று ஏதாவது ஒன்றில் முடிந்தது. பழைய டெஸ்க்டாப் என்பது தனித்தனியாகக் கழற்றக்கூடிய ஏழெட்டு சாமான். அதில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்காமல் மொத்தத்தையும் தூக்கிப் போடுவது எனக்குப் பொறுக்காது.

தூசி விஷயத்துக்கு வருகிறேன். ஜெராக்ஸ் கடைத் தூசி தனி ரகம், பேப்பர் தூளும் டோனர் பொடியும் கலந்தது. ஒரு தடவை அதே சிஸ்டம் பத்து நிமிடம் ஓடும், தானாக அணைந்துவிடும். பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வருகிற அமைப்புப் பக்கம்) போய்ப் பார்த்தால் சிபியு வெப்பம் 94 டிகிரி. மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்குக் கீழே சிபியுவின் சூட்டை வாங்கிக்கொள்கிற உலோகத் துண்டு, ஹீட் சிங்க் இருக்கிறதே, அதன் இடுக்கு தெரியவே இல்லை, கம்பளித் துண்டை வெட்டி ஒட்டியது மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு படலம். விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் வட்டமாக அப்படியே உரிந்து வந்தது. நான்கு கால்களில் ஒன்று போர்டில் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டும் இருந்தது. சூட்டைக் கடத்துவதற்காக இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்த பேஸ்ட் காய்ந்து, சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. வெளியே தெருத் திண்ணையில் வைத்து ப்ளோயர் அடித்தேன் (ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்று வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும்), பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு காலும் டக் என்று சத்தம் வரும்வரை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். 94 இருந்தது 50க்கு வந்தது.

டிஸ்ப்ளே வரவில்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது, பீப் பீப் என்று கத்துகிறது என்றால் ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். இது ஊருக்கே தெரிந்த வைத்தியம்தான்.

எஸ்எம்பிஎஸ்தான் நிறையப் பேர் சந்தேகப்படாத ஆள். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வர வேண்டும், 5 சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. வீட்டு சிஸ்டம் பெரிய ஃபைல் திறக்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆனது. சும்மா இருக்கும்போது மீட்டரில் 11.8, வேலை கொடுத்ததும் 11.1. ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருந்தார்கள், கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி எடையே இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் கனமாக இருக்கும். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் மட்டும் பிடிக்காதீர்கள், ஏனென்றால் இது போகும்போது பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும்.

எர்த்தும் பாருங்கள். வெறுங்காலுடன் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் வருகிறது என்று சொல்லாத வீடு கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலேயே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சின்ன கண்டன்சர் போட்டிருப்பார்கள், இரைச்சலை வடிகட்டுவதற்கு. எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத பழைய ஒயரிங்கில் போக வழியில்லாமல் பெட்டியிலேயே 230இல் பாதி வோல்ட் நின்றுகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு, கூச்சத்தோடு நிற்கும், ஆனால் பென் டிரைவ் சொருகும்போதும் பிரிண்டர் கேபிள் மாட்டும்போதும் அந்தச் சொருகுகிற இடமான போர்ட் போவதற்கு இது ஒரு காரணம். சித்தப்பா கடையில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாக எர்த் போட்டோம். அதற்கப்புறம் யுஎஸ்பி போர்ட் ஒன்றுகூட போகவில்லை.

சரி, மேம்படுத்துகிற கதைக்கு வருகிறேன். கடையில் நெட் பார்க்கிற சிஸ்டம் ஐ5 2400 பிராசசர், எச்61 போர்டு, 2011 காலத்துச் சரக்கு. இதில் செய்த செலவிலேயே அதிகப் பலன் தந்தது எஸ்எஸ்டி, சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சுற்றாத டிஸ்க். எச்61 போர்டில் இருப்பது பழைய சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கிற கேபிள் வழி) வேகம், புது எஸ்எஸ்டியின் பாதி வேகம்தான் கிடைக்கும், அதனால் போட்டுப் பயனில்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட் எடுக்கும், தேடுகிற இடம் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும், முள் நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பே கிட்டத்தட்ட இல்லை. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கிறது, அங்கே கேபிள் வேகம் பெரிய விஷயமே அல்ல, காத்திருப்புதான் விஷயம். மூன்று நிமிடம் ஆன இடத்தில் இப்போது 25 செகண்ட்.

ரேம் 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினோம். ஆன்லைனில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிற சில டிடிஆர்3 ரேம்களில் 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், அது இன்டெல் போர்டில் எழவே எழாது. ஒரு தடவை நான் வாங்கித் திருப்பி அனுப்பினேன். என் வீட்டு சிஸ்டத்தில் ஐ3 இருந்த இடத்தில் பழைய ஐ7 3770 வாங்கிப் போட்டேன், அதே சாக்கெட். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், மாற்றிய பிறகு செய்யலாம் என்று விட்டால் ஸ்கிரீனே வராமல் போகலாம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறை பிராசசரை ஏற்காது. நன்றாக ஓடுகிற மிஷினை ஒரு தேதி வந்துவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போட முடியுமா? விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான வகை போட்டுக் கொடுத்தேன். கடையில் வேலை செய்கிற அக்கா முதல் வாரம் கோபத்தோடுதான் இருந்தார். தமிழ் டைப்பிங்குக்கு தமிழ்99 என்ற கீபோர்டு முறை அதிலேயே இருக்கிறது, ஆனால் அவருக்குப் பழைய டைப்ரைட்டர் முறைதான் கைக்கு வரும், அதையும் தேடிச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. அவருடைய டிவிஎஸ் கோல்டு கீபோர்டை மட்டும் யாரும் தொடக்கூடாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கிளிக் கிளிக் என்று சத்தம் போடும், இத்தனை வருட அடிக்குப் பிறகும் ஒரு கீ கூட ஒட்டவில்லை.

இரண்டாவது சிஸ்டம்தான் எனக்குக் கவலை தருவது. ஜி31 போர்டு, கோர் 2 டுயோ, விண்டோஸ் எக்ஸ்பி, அதில் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7. அந்த மென்பொருள் வந்தது 2001இல், அதற்கடுத்த பதிப்பே வரவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பதினைந்து வருடப் பத்திரிகைகள் உள்ளே இருக்கின்றன. தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு, தீப்பெட்டி அளவில், பின்பக்கம் இருக்கிற பழைய பிரிண்டர் போர்ட்டில் சொருகியிருந்தால்தான் எழுத்து வரும். இந்த மிஷினுக்கு நெட் கிடையாது, வெளி ஆள் பென் டிரைவும் கிடையாது, அதில் நான் கண்டிப்பு. டிஸ்க்கை க்ளோன்சில்லா என்ற மென்பொருள் வைத்து அப்படியே நகல் எடுத்து ஒன்று வீட்டில், ஒன்று கடை பீரோவில்.

2019இல் இதில் சாக்கெட் பக்கத்துக் கண்டன்சர் மூன்று உப்பிவிட்டன, மேல்தலை தட்டையாக இல்லாமல் இட்லி மாதிரி. எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் செய்கிற அண்ணன் மாற்றிக் கொடுத்தார், 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்குகிற வகை. கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கால் மைனஸ் என்று போர்டில் போட்டிருக்கும் வெள்ளைக் குறி சில போர்டுகளில் தலைகீழ் அர்த்தத்தில் இருக்கும்.

அதுவும் போன ஐப்பசியில் ஒரு இடிக்கு மொத்தமாக அடங்கிவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பச்சை ஒயரையும் கறுப்பையும் இணைத்துப் பார்த்தேன் (போர்டு இல்லாமலே அதை ஆன் செய்கிற வழி), ஃபேன் அசையவில்லை. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டினேன், ரேம் மாற்றினேன், வெறும் போர்டாக வெளியே எடுத்து அட்டைப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு உயிர்ப்பும் இல்லை. அந்த ஒரு தடவை போர்டு உண்மையிலேயே போய்விட்டது.

கோயில் கமிட்டிக்காரர்கள் வேறு நோட்டீசுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடந்த கும்பாபிஷேகத்துக்கு அடித்த அதே அமைப்பு, அதே பெயர் வரிசை வேண்டும், தேதியும் பெயரும் மட்டும் திருத்த வேண்டும். அது எக்ஸ்பி டிஸ்க்கில் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பூட்டைச் சொருக இடமே கிடையாது, தனியாகக் கார்டு வாங்கிப் போட்டாலும் பழைய பூட்டு 378 என்ற முகவரியில்தான் போர்ட்டைத் தேடும், கார்டு வேறு முகவரியில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அதே மாடல் போர்டுதான் வேண்டும், அப்போதுதான் எக்ஸ்பியும் தான் வேறு வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைக்காமல் எழும்.

செத்த போர்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு ரயிலேறிச் சென்னை போனேன், அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள். ஆறு கடையில் இல்லை என்றார்கள். ஏழாவது கடைக்காரர் என் போர்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், உள்ளே போனார், அடுக்கி வைத்திருந்ததிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். அதே மாடல், பின்னால் பிரிண்டர் போர்ட் இருக்கிறது, கண்டன்சர் ஒன்றும் உப்பவில்லை. கடை மேசையிலேயே டிஸ்ப்ளே வரவைத்துக் காட்டினார். ஆயிரத்து இருநூறு.

மறுநாள் காலை கும்பகோணத்தில் மாட்டினேன். பழைய பிராசசர், பழைய ரேம், பழைய டிஸ்க், புது எஸ்எம்பிஎஸ். பூட்டைச் சொருகினேன். எக்ஸ்பி எழுந்தது. பேஜ்மேக்கரில் அந்த நோட்டீஸைத் திறந்தால் எழுத்து ஒன்றுகூட கலையவில்லை. கமிட்டிப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்கிரீன் பக்கத்தில் உட்கார்ந்து, உபயதாரர் பெயர்களை மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார், அக்கா திருத்திக்கொண்டே வந்தார். எட்டு பேருக்கு முன்னால் 'அமரர்' சேர்க்க வேண்டியிருந்தது.