எம்.காம். கணக்கியலும் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளும்

பி.காம். வகுப்புகளில் பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் என்று நடந்து முடிந்தவற்றைப் பதியப் பழகிய மாணவர்கள், எம்.காம். உயர்நிலைக் கணக்கியலில்தான் இன்னும் முடிவு தெரியாத ஒன்றுக்குத் தொகை எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வியை முதன்முறையாக நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். துணை நிறுவனங்களின் கணக்குகளை ஒருங்கிணைப்பதும் நிறுவன இணைப்புகளும் நீளமான கணக்குகளே தவிர, பயிற்சியால் கைவந்துவிடும். ஆம்பூர்க் காலணி ஏற்றுமதியாளருக்கு யூரோவில் வர வேண்டிய தொகையை மார்ச் 31 அன்றைய மாற்று விகிதத்தில் காட்டி, வேறுபாட்டை இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுசெல்வதையும் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். வேலூரில் இப்பாடத்தை நடத்தும் எனக்கு, அதிக நேரம் செலவிட வேண்டியதாகத் தோன்றுவது, முடிவு தெரியாத இத்தகைய பொறுப்புகளைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் கணக்கியல் தரநிலை 29.

கடந்தகால நிகழ்வொன்றால் இன்று ஒரு கடமை இருக்க வேண்டும். அதற்காகப் பணம் வெளியேறும் வாய்ப்பு மிகுதியாக இருக்க வேண்டும். தொகையை நம்பத்தகுந்தவாறு மதிப்பிட முடிய வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் ஒதுக்கு உருவாக்க வேண்டும், அதாவது மதிப்பிட்ட தொகையை இப்போதே பொறுப்பாகக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்பதே அத்தரநிலையின் சாரம். இதை விளக்க எங்கள் பகுதியை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. தோல் ஆலைக் கழிவுநீர் பாலாற்றையும் விளைநிலங்களையும் கெடுத்தது தொடர்பாக, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்ற அத்தீர்ப்பு, அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததுடன், பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்குமாறும் உத்தரவிட்டது.

தரநிலை 29 நடைமுறைக்கு வந்தது 2004 ஏப்ரல் 1 முதல்தான் என்றாலும், அதை இத்தீர்ப்பின்மீது பொருத்திப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். அபராதத்தில் ஐயமில்லை, தொகையும் தெரியும். இழப்பீட்டுக்கான கடமை உண்டு, ஆனால் ஆணையம் கணக்கிடும் வரை தொகையை நம்பத்தகுந்தவாறு மதிப்பிட முடியாதென்றால், அது சொத்துகளையும் பொறுப்புகளையும் காட்டும் ஐந்தொகைக்குள் ஏறாமல், நிதிநிலை அறிக்கையுடன் இணைக்கப்படும் குறிப்புகளில் வெளியிடப்படும். இனிமேல் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் செலவு என்னவாகும் என்று கேட்டால், பெரும்பாலோர் ஒதுக்கு என்றே எழுதுகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தினாலும் அது எதிர்காலச் செலவு. உற்பத்தி முறையை மாற்றியோ ஆலையை நிறுத்தியோ நிர்வாகம் அதைத் தவிர்க்க இடமிருப்பதால் அதற்கு ஒதுக்கு கிடையாது. ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணைச் சீர்செய்யும் கடமை அப்படியன்று, ஏனெனில் ஆலையை மூடினாலும் அது நீங்காது. இந்த வேறுபாடு புரிந்த மாணவருக்கு, இதே பொருளைப் பற்றிப் பன்னாட்டுத் தரநிலையை ஒட்டி அமைந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 37 (Ind AS 37) கடினமாக இராது. நீண்ட காலத்துக்குப் பின் செலுத்த வேண்டிய தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் முறை, சட்டம் சொல்லாவிட்டாலும் நிறுவனத்தின் நடைமுறையால் உருவாகும் கடமை போன்றவற்றை அவர் கூடுதலாகக் கற்க வேண்டியிருக்கும்.

அகமதிப்பீட்டுத் தேர்வில் கற்பனை நிறுவனங்களின் கணக்குகளைக் கொடுப்பதற்குப் பதிலாக, ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பகுதித் தோல் நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைகளையே மாணவர்களிடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. கம்பெனியாகப் பதிவு செய்தவற்றின் அறிக்கைகளை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பெறலாம். அவற்றில் முதலில் படிக்க வேண்டியது இலாபத்தை அன்று, நிலுவை வழக்குகளைப் பற்றிய குறிப்பை.