கோலி ஆடப் போன கதை

"கோலி ஆடவாடா அவ்வளவு தூரம் போனே?" என்று அம்மா போனில் கேட்டாள். லாக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, எறிந்து கோல் போடும் ஆட்டம். அதன் கோல்கீப்பரை அமெரிக்காவில் கோலி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நான் என்ன செய்ய?

நான் சேர்ந்தது காலேஜின் பெரிய அணி இல்லை. மாணவர்களே சந்தா போட்டு நடத்தும் கிளப் அணி. இருந்த ஒரே கோலி படிப்பை முடித்துப் போய்விட்டான். அந்த இடத்துக்கு ஒருத்தனும் வரவில்லை. ஊரில் விக்கெட் கீப்பராக இருந்தேன் என்று வாய்தவறிச் சொன்னேன். மறுநாளே ஹெல்மெட், தொண்டைக் கவசம், மார்புக் கவசம் எல்லாம் வந்துவிட்டன. கையில் அம்மாவின் ஜல்லிக்கரண்டியைப் பெரிதாக்கிய மாதிரி ஒரு ஸ்டிக். காலுக்கு ஒன்றுமில்லை. பெரும்பாலான கோலிகள் காலில் எதுவும் கட்டுவதில்லை, கனம் கூடினால் அடி எடுத்துவைக்கத் தாமதமாகுமாம்.

கோல் 6 அடிக்கு 6 அடி. ஃபுட்பால் கோலில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு பந்தைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டி ரப்பர், 145 கிராம் இருக்கும். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் லேசு. நன்றாக எறிபவன் 12 கஜத்திலிருந்து மணிக்கு 140 கிலோமீட்டரில் விட்டால், நமக்குக் கிடைப்பது கால் நொடி சொச்சம்.

கஷ்டமே என் கீப்பிங் பழக்கம்தான். பந்தோடு கையைப் பின்னால் இழுத்து வாங்கியே வளர்ந்தவன் நான். இங்கே பந்தை நோக்கி ஒரு அடி முன்னே வைக்க வேண்டும். கண் என்னவோ பந்தைப் பார்க்கும், கால் தானாகப் பின்வாங்கும், தலை திரும்பிவிடும். கோச் மூன்று வாரம் டென்னிஸ் பந்தாலேயே என்னை அடித்தார். எறிபவன் முகத்தைப் பார்க்காதே, அவன் ஸ்டிக் வலைக்குள் இருக்கும் பந்தைப் பார் என்பார். அப்புறம் நிஜப் பந்து. தொடையில் பட்ட இடம் வளையல் போட்ட மாதிரி, நடுவில் வெளுப்பு, சுற்றிலும் கத்தரிக்காய் நிறம்.

கத்துவதும் கோலியின் வேலைதான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பந்து எங்கே இருக்கிறது என்று தடுப்பாட்டக்காரர்களுக்கு ஓயாமல் சொல்ல வேண்டும். கோலுக்குப் பின்னால் போனால் "எக்ஸ்!", நெருக்கத்தில் நிற்பவனுக்குப் பாஸ் வந்தால் "செக்!". வகுப்பில் சந்தேகம் கேட்கவே கூசுகிறவன் நான். முதல் மேட்சில் 17 கோல் வாங்கினேன், தடுத்தது 5. பாதிக்கு மேல் தடுத்தாலே நல்ல கோலி என்பார்கள், அந்தக் கணக்கில் பார்த்தாலும் என்னுடையது கேவலம்தான்.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாதது இடது இடுப்புப் பக்கம் வரும் பந்து. ஸ்டிக்கின் தலை வலது தோளருகே இருக்கும், அதைக் கார் வைப்பர் மாதிரி சுழற்றி இறக்க வேண்டும். இரண்டாவது சீசனில் ஒரு மழை நாளில் அது நடந்தது. கால் தானாக முன்னே போனது. என் ஸ்டிக் வலைக்குள் பந்து. நம்ப முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெஞ்சில் எல்லோரும் கத்தினார்கள், பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். தடுத்த பந்தோடு கோலி, கோலைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்குள் 4 நொடிதான் நிற்கலாம்.

விசில். பந்து எதிரணிக்கு.