"காசு இல்லை டீச்சர்" என்பதற்குப் பின்னால்

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு எங்கள் பள்ளியில் இன்னொரு வேலை தொடங்கும். தேறிய பிள்ளைகளில் யார் எங்கே சேர்ந்தார்கள், யார் எங்குமே சேரவில்லை என்று பார்த்து, சேராதவர்கள் வீட்டுக்குப் போன் போட வேண்டும். கல்லூரியில் சேராத பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் 'உயர்வுக்குப் படி' முகாமுக்கும் அவர்களை வரவழைக்க வேண்டும். நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இந்தப் பட்டியல் சில வருடங்களாக என் கையில்தான் இருக்கிறது.

எந்த வீட்டுக்குப் போன் போட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: "காசு இல்லை டீச்சர்." இதற்குப் பதில் சொல்வது சுலபம். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். பஸ் பாஸ் இலவசம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தால், "சரிங்க டீச்சர், பார்க்கிறோம்" என்று போனை வைத்துவிடுவார்கள். பிள்ளை வராது.

நேரில் போனால்தான் விஷயம் வெளியே வரும். அதுவும் உடனே வராது. ஒரு வீட்டில் அப்பா பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் அம்மா கேட்டார்: "சாயங்காலம் பஸ்ஸை விட்டுட்டா பிள்ளை எங்க டீச்சர் நிக்கும்?" எங்கள் பக்கம் சில ஊர்களுக்கு பஸ் குறைவு, நியாயமான கேள்விதான். கல்வியின் அருமையைப் பற்றி நான் எவ்வளவு பேசியிருந்தாலும் இதற்குப் பதில் ஆகியிருக்காது. பக்கத்து ஊரிலிருந்து தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் போய்வரும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி இருந்தாள். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு வரச் சொன்னேன். எத்தனை மணிக்கு வகுப்பு முடியும், எந்த பஸ், அதில் நம் பக்கத்துப் பிள்ளைகள் யார் யார் வருகிறார்கள் என்று எல்லாம் சொன்னாள். அம்மா பாத்ரூம் எப்படி என்று கேட்டார். "சுமார்தான் அத்தை" என்றாள். அந்த ஒரு பதிலால்தான் மற்றதையெல்லாம் நம்பினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் அப்பாவே போன் செய்து என்னென்ன சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்டார்.

அதே தெருவில் ஒரு பாட்டி, "பேத்தி கல்யாணத்துக்குத் தாலிக்குத் தங்கம் குடுப்பாங்களே, அதை வாங்கிக் குடுத்துருங்க, போதும்" என்றார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த அந்தத் திருமண உதவித் திட்டத்தைத்தான் 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள், இப்போது மாதாமாதம் வரும் பணம் அதுதான் என்று விளக்கினேன். பாட்டிக்கு அதில் இன்னும் கோபம் தீரவில்லை. பேத்தி பி.ஏ. தமிழ் சேர்ந்துவிட்டாள். தமிழ் இலக்கியத்துக்கு பிளஸ் டூ தமிழ் மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுவார்கள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள், இங்கே முன்னால் வந்துவிட்டாள்.

பையன்களுக்கு வேறு பயம். "எல்லாம் இங்கிலீஷ்ல நடத்துவாங்களாம்" என்று ஒருவன் விண்ணப்பமே போடாமல் இருந்தான். போலீஸ் அல்லது குரூப் 2 என்பது அவன் கனவு. பல அரசுக் கல்லூரிகளில் வரலாறு, கணிதம் போன்ற பாடங்களைத் தமிழ் வழியில் படிக்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2-க்கு டிகிரி வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன். இதை ஏன் ஒன்பதாம் வகுப்பிலேயே நாம் சொல்வதில்லை என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

எல்லாவற்றையும் விடத் தலைவலி கொடுத்தது, தனியார் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர்கள் விவகாரம். முடிவு வருவதற்கு முன்பே ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். ஒரு மாணவியின் வீட்டில், வெளியூர் தனியார் கல்லூரி ஒன்றில் நர்சிங் சீட் என்று சொல்லி 5,000 ரூபாய் முன்பணத்தோடு டி.சி.யையும் வாங்கிப் போயிருந்தார்கள். அங்கே ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு குடும்பம் பின்வாங்கியது. முதல் வருடக் கட்டணத்தைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். இந்தப் பெண் வீட்டிலும் கேட்டபோது "காசு இல்லை" என்றுதான் சொன்னார்கள். டி.சி. கையில் இல்லை என்று சொல்ல வெட்கம்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு அப்பா பெயரில் ஒரு கடிதம் எழுதினோம். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புவதாகக் கடைசி வரியில் சேர்த்தோம். அப்பாவோடு நானும் தலைமை ஆசிரியரும் அந்தக் கல்லூரிக்குப் போனோம். அலுவலகத்தில் நெடுநேரம் உட்கார வைத்தார்கள், அப்புறம் டி.சி.யைக் கொடுத்தார்கள். முன்பணம் வரவில்லை. அதற்காக மேலும் அலைய அப்பாவுக்குத் தெம்பு இல்லை, கூலி போகிறது. அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வின் முதல் சுற்று அதற்குள் முடிந்திருந்தது. காலியிடங்களுக்கான சுற்றில் பி.எஸ்சி. தாவரவியல் கிடைத்தது. அவள் கேட்டது விலங்கியல்.

எல்லோரையும் சேர்த்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட பையனிடம் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. அவன் சம்பளத்தில்தான் தங்கை படிக்கிறாள். தொலைநிலைக் கல்வி விவரத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இந்த வேலையில் இருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு ஒன்று. ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றால் உதவித்தொகை வராமல் நின்றுவிடும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவையில் போட்டால் வர நாளாகும். பிளஸ் டூ முடித்தபிறகு இவற்றுக்கு அலைந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். நாங்கள் இப்போது அரையாண்டு விடுமுறைக்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையின் பாஸ்புக்கையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுகிறோம்.