பூஞ்சையிலும் கோதுமை மணியிலும் ஒரே ஹார்மோன்

செடிகளை நெடுக வளரவைக்கும் ஹார்மோனான ஜிப்ரலின் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்புதான். 1926இல், அப்போது ஜப்பான் ஆட்சியில் இருந்த தைவானில், குரோசாவா என்ற ஆய்வாளர் நெற்பயிருக்கு நோய் தரும் ஒரு பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டி நெல் நாற்றுக்குக் கொடுத்தார். பூஞ்சை இல்லை, வெறும் சாறு. அதற்கே நாற்றுகள் வெளிறி, மெலிந்து, நெடுநெடுவென்று வளர்ந்தன. நோய் கண்ட வயலில் பார்த்த அதே கோலம்! 1938இல் யபுதா, சுமிகி என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் சாற்றில் இருந்த அந்தப் பொருளை, அதாவது ஜிப்ரலினை, படிகமாகவே பிரித்துவிட்டார்கள்.

பிறகுதான் தெரிந்தது, செடிகளே இந்தக் குடும்பத்து ஹார்மோன்களைத் தயாரிக்கின்றன என்று. 1958இல் மெக்மில்லன், சூட்டர் என்ற ஆய்வாளர்கள் பீன்ஸ் வகை ஒன்றின் முற்றாத விதையில் ஜிப்ரலினைக் கண்டார்கள். பால் பிடிக்கும் கோதுமை மணியிலும் இவை பல வகை உண்டு. பூஞ்சையும் செடியும் தனித்தனியாகவே, கடைசிக் கட்டங்களில் வேறு வேறு நொதிகளைக் கொண்டு, ஒரே மூலக்கூறுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இதுதான் இந்தக் கதையின் உச்சம்.

பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமை குட்டையாக நிற்பதும், அதன் தண்டு ஜிப்ரலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காததால்தான். காரணமான மரபணுவை 1999இல்தான் பிரித்தெடுத்தார்கள்.

முளைக்கும் மணியில் கருவிலிருந்து வரும் ஜிப்ரலின், தவிட்டை ஒட்டிய அலூரோன் அடுக்கைத் தூண்டுகிறது. அங்கே சுரக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளைவிட்ட கோதுமையை அரைத்தால் ரொட்டி பிசுபிசுப்பதற்குக் காரணமும் இந்த அமிலேஸ்தான்.